பல் டிப்ளமோவா, பிசிஏ-வா, நெட்வொர்க்கிங்கா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பிளஸ்டூல பயோ-மேத்ஸ் படிச்சேன். நீட்ல மார்க் வரல, பிடிஎஸ் கனவு போச்சு. ஒரு கன்சல்டன்சில "பல் சுத்தம் பண்றதுக்கே டிகிரி இருக்கு, நீட் வேணாம், முடிச்சா நேரா அமெரிக்கா"ன்னு சொல்லி அட்வான்ஸ் கேக்குறாங்க. அப்பா பிசிஏ சேருங்கிறாரு. என்ன பண்ணட்டும்? – ஒரு மாணவி, திண்டுக்கல்

பதில்: அட்வான்ஸ் மட்டும் இப்ப குடுத்துடாத கண்ணு, மத்தத நிதானமா பேசலாம்.

அந்த வேலைக்கு பேரு டென்டல் ஹைஜீனிஸ்ட். பொய்யான வேலை இல்ல, 1948-ல வந்த பல் மருத்துவர் சட்டத்துலயே இவங்களுக்கு இடம் குடுத்துட்டாங்க. பல்லுல படிஞ்ச காரைய எடுக்கறது, சுத்தம் பண்ணி பாலிஷ் போடறது, வாய எப்படி பாத்துக்கணும்னு சொல்லிக்குடுக்கறது, இவ்வளவுதான் இவங்க வேலை. சொத்தைய அடைக்கறதும் பல்ல பிடுங்கறதும் டாக்டரோடது. நம்ம ஊர்ல காலங்காலமா டென்டல் கவுன்சில் அங்கீகாரத்தோட நடக்கறது ரெண்டு வருஷ டிப்ளமோ, அத முடிச்சுட்டு மாநில டென்டல் கவுன்சில்ல பேரு பதியணும். அதனால கன்சல்டன்சிகாரங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு, "நீங்க சொல்ற டிகிரிய முடிச்சா கவுன்சில்ல ஹைஜீனிஸ்ட்டா பதிய முடியுமா, எழுதிக் குடுங்க"ன்னு. எழுதித் தர மாட்டேன்னா வந்த வழியே திரும்பி வந்துடு.

நேரா அமெரிக்கான்னு சொன்னதுக்கு எனக்கு நெஜமாவே கோவம் வருது. இந்த தொழிலுக்கு பள்ளிக்கூடமே 1913-ல அங்க கனெக்டிகட் மாநிலத்துல பிரிட்ஜ்போர்ட்ங்கற ஊர்லதான் ஆரம்பிச்சாங்க, இப்ப ரொம்ப கட்டுப்பாடா வச்சிருக்காங்க. அங்க அங்கீகாரம் இருக்கற காலேஜ்ல படிச்சு, தேசிய போர்டு எக்ஸாம் எழுதி, அப்புறம் எந்த மாநிலமோ அந்த லைசென்ஸ் வாங்கணும். இங்க படிச்ச பேப்பர வச்சு மட்டும் அங்க ஒருத்தர் வாய தொட முடியாது.

இன்னொரு விஷயம், நம்ம ஊரு சின்ன கிளினிக்ல பெரும்பாலும் டாக்டரே ஸ்கேலிங்கும், அதான் காரை எடுக்கறதும், பண்ணிடுவாங்க, ஹைஜீனிஸ்ட்ட தனியா வச்சுக்கறது பெரிய கிளினிக்கும் காலேஜ் ஆஸ்பத்திரியும்தான். இத தெரிஞ்சுக்கிட்டு வா.

முதல்ல வேலைய கண்ணால பாரு. தெரிஞ்ச டாக்டர்கிட்ட கேட்டு ஒரு சனிக்கிழமை பூரா அவங்க கிளினிக்ல ஓரமா உக்காரு. நான் அப்படி உக்காந்திருக்கேன். கீழ் முன்பல்லுக்கு உள்பக்கம், நாக்கு படற இடத்துல, சுண்ணாம்பு பூசி காஞ்ச மாதிரி மஞ்சளா ஒட்டியிருக்கும், எச்சில் சுரப்பி வாய் அங்கதான் திறக்குது, அதான் அங்க அவ்வளவு சேருது. ஸ்கேலர் முனை நடுங்குது, தண்ணி பீச்சுது, சக்ஷன் குழாய் கொர்ருன்னு இழுக்குது, படுத்திருக்கறவர் நாக்கால தள்ளிக்கிட்டே இருக்காரு, ஈறுலேர்ந்து ரத்தம் வருது. நாள் முழுக்க கழுத்த குனிஞ்சு இதான். இத பாத்ததும் உனக்கு கை துறுதுறுன்னு வந்துச்சுன்னா, அங்கீகாரம் உள்ள காலேஜ்ல டிப்ளமோ சேரு. முகம் சுளிச்சுச்சுன்னா அப்பா சொல்றத கேளு, பிசிஏ ஒரு டிகிரி, அத வச்சு டிஎன்பிஎஸ்சி குரூப் 2, பேங்க் எக்ஸாம் எல்லாம் எழுதலாம், டிப்ளமோ மட்டும் வச்சு அது முடியாது. நீ ஆறாவதுலேர்ந்து பிளஸ்டூ வரைக்கும் அரசுப் பள்ளின்னா டிகிரியோ டிப்ளமோவோ எதுக்கும் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வரும், விட்டுடாத.

கேள்வி: பையனுக்கு பிசிஏ நல்லதா, பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்லதா? – ஒரு தந்தை, கரூர்

பதில்: ரெண்டும் மூணு வருஷம், பாடமும் பாதிக்கு மேல ஒண்ணுதான் சார். 2024-லேர்ந்து பிசிஏ-வும், தொழில்நுட்பப் படிப்ப கண்காணிக்கற ஏஐசிடிஇ பார்வைக்கு வந்திருக்கு, எம்சிஏ 2020-லேர்ந்து ரெண்டு வருஷமாயிடுச்சு. நீங்க பேர பாக்காம காலேஜ் லேப்புக்குள்ள போயி பாருங்க, எத்தனை மெஷின் ஓடுது, ஒரு சிஸ்டத்துல எத்தனை பசங்க உக்காருறாங்கன்னு எண்ணிட்டு வாங்க.

கேள்வி: பிசிஏ ரெண்டாம் வருஷம் அக்கா. ஜாவா மண்டையில ஏறவே மாட்டேங்குது. நெட்வொர்க்கிங் போயிடலாம்னு பாக்குறேன், ஒரு இன்ஸ்டிட்யூட்ல சிசிஎன்ஏ-க்கு பெரிய தொகை கேக்குறாங்க. கட்டலாமா? – ஒரு மாணவன், திருநெல்வேலி

பதில்: கோடிங்குக்கு பயந்து இந்தப் பக்கம் வராத தம்பி, சிஸ்கோ கம்பெனி நடத்தற நெட்வொர்க்கிங் எக்ஸாம்தான் சிசிஎன்ஏ, அதோட சிலபஸ்லயே பத்து பர்சன்ட் ஆட்டோமேஷன், அதான் நெட்வொர்க் வேலைய புரோகிராம் வச்சு ஓட்டறது, இருக்கு. ஆனா நெட்வொர்க்கிங் பிடிச்சு வந்தா சந்தோஷம். பணம் கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை பண்ணு. ஒரு நெட்வொர்க் கேபிள் துண்டு, கனெக்டர், அத அழுத்தற கிரிம்பிங் டூல் வாங்கி, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்புன்னு எட்டு ஒயரையும் வரிசையா நேர் பண்ணி கனெக்டருக்குள்ள தள்ளி அழுத்து. நாலஞ்சு தடவ வீணாகும், டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரியற வரைக்கும் விடாத. அப்புறம் ஐபி அட்ரஸ பிரிக்கற கணக்கு, ஸ்லாஷ் 26-ன்னா (/26) 64 அட்ரஸ், அதுல மெஷினுக்கு குடுக்கறது 62-ன்னு பேப்பர்ல போட்டுப் பாரு. கம்ப்யூட்டர்லயே நெட்வொர்க் கட்டிப் பழகற பாக்கெட் டிரேசர் சாஃப்ட்வேர சிஸ்கோவே இலவசமா குடுக்குது, அதுல ரெண்டு ரவுட்டர பேச வை. இதெல்லாம் ராத்திரி தூக்கத்த மறந்து பண்ணேன்னா நீ இந்த வேலைக்கு ஆளு. எக்ஸாமுக்கே தனியா 300 டாலர், சர்டிபிகேட் மூணு வருஷம்தான் செல்லும், அதனால கடைசி செமஸ்டர்ல எழுது, இப்ப எழுதி பாதி காலத்த காலேஜ்லயே கழிச்சுடாத. நெட்வொர்க் கண்காணிக்கற வேலைல நைட் ஷிப்ட் உண்டு, வீட்ல இப்பவே சொல்லி வை.

கேள்வி: என் மக டென்டல் ஹைஜீனிஸ்ட் படிக்கிறா. பல்லு கிளீன் பண்ணா ஆடிப்போகும்னு எங்க தெருவுல எல்லாரும் சொல்றாங்க, இவகிட்ட யாரு வருவா? – ஒரு தாய், மன்னார்குடி

பதில்: அம்மா, ஈறு நோயால எலும்பு ஏற்கனவே கரைஞ்சு பல்லு ஆடிக்கிட்டுதான் இருக்கும், காரை சேந்து சிமெண்ட் மாதிரி பிடிச்சு நிக்கும். அத எடுத்ததும் ஆட்டம் தெரியுது, பழி கிளீனிங் மேல விழுது. உங்க மககிட்ட ஒரு கைக்கண்ணாடி வச்சுக்கச் சொல்லுங்க. தொடங்கறதுக்கு முன்னாடியே வந்தவங்க கையில அத குடுத்து, ஈறு இறங்கின இடத்த அவங்களே பாக்கட்டும்.