சேதாரம் குறைவு என்றால் லாபமா?

கேள்வி: அம்மா போட்டிருந்த 5 பவுன் செயின் இருக்கிறது, 1998-ல் எடுத்தது, ஹால்மார்க் கிடையாது. அதைக் கொடுத்து மகள் கல்யாணத்துக்கு அதே 5 பவுனில் ஆரம் எடுக்கப் பார்க்கிறோம். ஒரு கடையில் பழைய நகை மாற்றினால் சேதாரம் 8 சதவீதம்தான் என்கிறார்கள், இன்னொரு கடையில் 11. முதல் கடைக்கே போய்விடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பழைய செயினில் எவ்வளவு கழிப்பார்கள் என்று இரண்டு கடையிலும் கேட்டீர்களா? அதைக் கேட்காமல் சேதாரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

உங்கள் செயின் 40 கிராம். முதல் கடை பத்தவைப்பு, அழுக்கு, உருக்குச் சேதம் என்று 4 சதவீதம் கழித்தால் கைக்கு 38.4 கிராம்தான் வரவு. ஆரம் 40 கிராம், 8 சதவீத சேதாரம் சேர்த்தால் 43.2. நீங்கள் கட்ட வேண்டியது 4.8 கிராமுக்கான பணம். இரண்டாவது கடை 1 சதவீதம்தான் கழிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், வரவு 39.6, ஆரம் 11 சதவீத சேதாரத்தோடு 44.4, வித்தியாசம் அதே 4.8 கிராம்தான். சேதாரத்தில் விட்டதைக் கழிவில் எடுத்துவிடுகிறார்கள். அதனால் கடைசியில் எத்தனை கிராமுக்குப் பணம் கட்டுகிறேன் என்று மட்டும் எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி 3 சதவீதம் புது நகையின் முழு மதிப்புக்கும் வரும், வித்தியாசத்துக்கு மட்டும் இல்லை, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கல் வைத்த ஆரம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். எங்கள் அம்மாவின் அட்டிகையை வாங்கும்போது கல், அரக்கு எல்லாம் சேர்த்து 24 கிராம் என்று தங்க விலையே போட்டார்கள். பல வருஷம் கழித்து அதே கடையில் மாற்றப் போனபோது கல்லைப் பெயர்த்து, அரக்கைச் சுரண்டி, 19.5 கிராம் என்றார்கள். அம்மா அந்தக் கற்களைத் தாளில் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. இப்போது ஹால்மார்க் நகைக்கான பில்லில் நிகரத் தங்க எடையும் தரமும் எழுதியே ஆக வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

நம்ம கடை நகைக்கு முழு மதிப்பு, வெளி நகைக்குக் கழிவு என்று ஒரு வழக்கம் உண்டு இல்லையா? முன்பு நகை எப்படியும் வாங்கின கடைக்கே திரும்பி வரும் என்பதால், மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, கொஞ்சம் குறைவாக இருந்தாலும் வெளியே யாருக்கும் தெரியாமல் போய்விடும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் கட்டாயமான இடங்களில் எச்யுஐடி என்ற 6 எழுத்து-எண் கொண்ட தனி அடையாள எண் இல்லாமல் நகை விற்கக் கூடாது (2 கிராமுக்குக் குறைந்தவை போன்ற சில விலக்குகள் உண்டு). அந்த எண்ணை பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரும் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். தரம் குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால், குறைந்த மதிப்பைப் போல இரண்டு மடங்கும் பரிசோதனைச் செலவும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் ஆரத்தில் அந்த எண்ணும் 22கே916 முத்திரையும் (22 காரட், 91.6 சதவீதத் தங்கம்) இருக்கிறதா என்று கடையிலேயே பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பாருங்கள், நாளைக்கு உங்கள் மகள் எந்தக் கடையில் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் அம்மாவின் செயின். ஹால்மார்க் இல்லாத பழைய நகையைக் கடைகள் வாங்குவதற்குத் தடையில்லை. ஆனால் ஒரு கடையின் மெஷின் சொல்லும் மாற்றை மட்டும் நம்ப வேண்டாம். பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் நீங்களே கொடுத்துப் பரிசோதிக்கலாம், 2022-ல் அறிவித்த கட்டணப்படி 4 நகை வரை 200 ரூபாய். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கடைக்கும் போங்கள், உருக்கச் சம்மதம் சொல்வதற்கு முன்னால் கழிவைப் பேசி முடியுங்கள்.