பாக்கி கேட்கத் தெரியாத மெக்கானிக்

அன்புள்ள ஐயா,

தன்னம்பிக்கைப் பயிலரங்குகளைப் பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதிய குறிப்பைப் படித்தேன். எனக்கு வயது 37. காசிமேட்டில் விசைப்படகு இஞ்சின் வேலை செய்யும் பட்டறை ஒன்றில் பதினாறு வருடங்களாக மெக்கானிக்காக இருக்கிறேன். இஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே கோளாறு நாசிலிலா பம்பிலா என்று சொல்லிவிடுவேன். சொந்தமாகப் பட்டறை வைக்க வேண்டும் என்று ஐந்து வருடங்களாக நினைக்கிறேன், நினைப்பதோடு சரி.

நண்பர் அழைத்ததால் 3,500 ரூபாய் கட்டி ஒருநாள் பயிலரங்குக்குப் போனேன். கைகளை உயர்த்தி 'நான் பிறவி வெற்றியாளன்' என்று எல்லோரும் முழங்கினோம். அன்று இரவு எதையும் சாதித்துவிடலாம் போல இருந்தது. மூன்றாம் நாள், தெரிந்த படகு ஓனர் ஒருவரிடம் நான் தனியாகச் செய்து கொடுத்த வேலைக்கான பாக்கியைக் கேட்கப் போய், நலம் மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பினேன்.

எனக்குக் கூச்ச சுபாவம். ஒரு போல்ட்டை இரண்டு தடவை சரிபார்க்காமல் விடமாட்டேன். 'நீ வேலைக்காரனாகவே பிறந்தவன்' என்கிறார் முதலாளி. என் மனைவி சந்தையில் மீன் விற்கிறார், அவருடைய தைரியத்தில் கால் பங்கு எனக்கில்லை. தன்னம்பிக்கை பிறவிக் குணமா? என்னைப் போன்ற ஆள் தொழில் தொடங்கலாமா? 8 லட்சம் கடன் வாங்கி, ஷெட் எடுத்து, லேத் போடலாம் என்று நினைக்கிறேன்.

பெயர் வேண்டாம்,
காசிமேடு

அன்புள்ள நண்பருக்கு,

தனக்குத் தன்னம்பிக்கையே இல்லை என்று சொல்வதற்காக ஒரு கடிதம் எழுதி, அதன் நான்காவது வரியிலேயே சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லிவிடுவேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் 'ஓரளவு', 'பெரும்பாலும்' போன்ற தயக்கச் சொற்கள் ஒன்றுகூட இல்லை. அதை நீங்களே நிதானமாகப் படித்திருந்தால் 3,500 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை ஒன்றில் முன்வைத்த கருத்தைத் தமிழில் 'தன்திறன் நம்பிக்கை' எனலாம். ஒரு குறிப்பிட்ட வேலையைத் தன்னால் செய்து முடிக்க முடியுமா என்று ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணிப்பே அது. தன்னைப் பற்றிப் பொதுவாக உயர்வாக நினைத்துக்கொள்வதற்கும் இதற்கும் தொடர்பு குறைவு. ஒரே ஆளிடம் ஒரு வேலையில் இந்தக் கணிப்பு பாறைபோல உறுதியாக இருக்கும். அதற்கு அடுத்த வேலையில் துளியும் இருக்காது. உங்களுக்கு இஞ்சினில் இருக்கிறது, ஓனரின் முகத்துக்கு நேரே பணம் கேட்பதில் இல்லை. இரண்டையும் தன்னம்பிக்கை என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, சாக்கு காலியாக இருக்கிறது என்கிறீர்கள்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்திருக்கிறேன். என் தந்தை பெரம்பூர் பின்னி ஆலையில் தறி ஓட்டியவர். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டுதான். அந்த மரபில் வந்தவர் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. மேலாளரின் அறைக்குள் நுழைந்து, கூட வேலை செய்பவனுக்காகக் குரல் உயர்த்திப் பேசிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காருவார். தொண்ணூறுகளில் ஆலை மூடப்பட்டபோது கையில் கிடைத்த பணத்தைக் கொண்டு வியாசர்பாடியில் ஓர் அரிசிக்கடை வைத்தார். மேலாளரிடம் நடுங்காத அந்த மனிதருக்கு, மூன்று மாதமாகக் கடனில் அரிசி வாங்கிய பக்கத்து வீட்டு அக்காவிடம் 'இந்த மாதமாவது கொஞ்சம் கொடும்மா' என்று கேட்க வாய் வரவில்லை. கடை ஒன்றரை ஆண்டுதான் நடந்தது. அவர் கோழையாகிவிட்டார் என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். உண்மையில் ஆலையில் அவர் பின்னால் சங்கம் இருந்தது, பேசிப் பழகிய இருபது ஆண்டுகள் இருந்தன. கடையில் இரண்டும் இல்லை. மனிதர் மாறவில்லை, வேலை மாறிவிட்டது.

பண்டூரா இந்த நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைச் சொல்கிறார். வலுவானது, அந்த வேலையைத் தானே செய்து முடித்த அனுபவம். அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் அதைச் செய்வதைப் பார்ப்பது. பிறர் ஊக்கிச் சொல்லும் சொல் மூன்றாவது. நெஞ்சு படபடப்பது, கை வியர்ப்பது போன்ற உடல்குறிகளை நாம் எப்படிப் பொருள்கொள்கிறோம் என்பது நான்காவது. பாம்பைக் கண்டால் நடுங்குபவர்களை வைத்து அவர் செய்த சோதனைகளில், பிறர் பாம்பைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களைவிட, உதவியுடன் தாங்களே தொட்டுப் பழகியவர்களுக்கு நம்பிக்கை அதிகமாக வளர்ந்தது. நீங்கள் போன பயிலரங்கு உங்களுக்குக் கொடுத்தது மூன்றாவதை மட்டும்தான். அதற்குச் சான்றாகச் செயல் ஏதும் பின்தொடராவிட்டால் சொல் மூன்று நாளில் வடிந்துவிடுகிறது. உங்களுக்கு நடந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது ஊற்றில் 'தன்னைப் போன்ற ஒருவர்' என்பதே முக்கியம். இத்தகைய அரங்குகளில் மேடையில் காட்டப்படும் உலகக் கோடீசுவரர்களின் படங்கள் ஒரு காசிமேட்டு மெக்கானிக்கை அசைப்பதில்லை. புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றபோது, அதே தெருக்களில் பவுடர் தூவிய பலகையின் முன் உட்காரும் பெண்பிள்ளைகளுக்கு அந்தச் செய்தி வேறு எடையுடன் போய்ச் சேர்ந்திருக்கும். உங்கள் துறைமுகத்தில் கூலிக்கு வேலை செய்து பிறகு சொந்தப் பட்டறை வைத்தவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் அரை நாள் போய் உட்காருங்கள். அவர் எப்படி வேலை செய்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. எப்படி விலை சொல்கிறார், எப்போது வாயை மூடிக்கொள்கிறார் என்று கவனியுங்கள்.

இனி, குணம். வேலைக்காரனாகவே பிறந்தவன் என்று உங்கள் முதலாளி சொன்னது, நல்ல மெக்கானிக்கை இழக்க விரும்பாத ஒருவர் சொல்லக்கூடிய வாசகம் என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. ஆனால் குணத்துக்கும் தொழிலுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவும் நான் தயாராக இல்லை. வேலையிடச் செயல்திறனைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பாரிக், மவுண்ட் இருவரும் 1991-இல், எல்லா வகை வேலைகளிலும் ஒரேபோல் பயன்படும் குணமாகக் கண்டது பொறுப்புணர்வை. உங்கள் மொழியில் சொன்னால், போல்ட்டை இரண்டு தடவை சரிபார்ப்பது. தொழில்முனைவோரையும் நிறுவன மேலாளர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளை ஜாவ், சைபர்ட் இருவரும் 2006-இல் தொகுத்தபோது, தொழில்முனைவோரிடம் பொறுப்புணர்வும் புதியவற்றை ஏற்கும் மனமும் கூடுதலாகவும், பதற்றம் குறைவாகவும் காணப்பட்டன. கலகலப்பாகப் பேசிப் பழகும் குணத்தில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே உங்கள் கூச்சத்தைப் பற்றிய கவலையை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். அதே தொகுப்பில் இன்னொன்றும் இருக்கிறது: பிறருக்கு இணங்கிப்போகும் குணம் தொழில்முனைவோரிடம் குறைவாக இருந்தது. என் தந்தையை விழுத்தியது அந்த இணக்கம்தான். உங்களிடமும் அதுவே வேலை செய்கிறது, நீங்கள் அதைக் கூச்சம் என்கிறீர்கள்.

அதற்காக நாளை முதல் கறாரான ஆளாக மாறுங்கள் என்று சொல்ல மாட்டேன். இணங்கிப்போகிறவர் என்பதால்தான் ஓனர்கள் உங்களைத் தேடி வருகிறார்கள். தொழிலுக்கு ஒரு குணம் தேவை என்றால் அது முதலாளியின் நெஞ்சுக்குள்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஒரு விதியாகப் பலகையில் எழுதப்பட்டிருக்கலாம், இன்னொருவரிடமும் இருக்கலாம். உங்கள் கடிதத்தில் அந்த இன்னொருவர் ஒரே வரியில் வந்து போகிறார். விடியற்காலையில் மீன் எடுத்து, நாள் முழுதும் பேரம் பேசி, யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதை மனத்திலேயே வைத்திருந்து வசூலித்து வீட்டைக் காக்கும் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, அந்தத் தைரியம் தனக்கில்லையே என்று வருந்துகிறீர்கள். கணக்கும் வசூலும் அவருடைய பொறுப்பு என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். மீன் வியாபாரத்துக்கு மேல் இதையும் சுமக்க அவருக்கு நேரம் இருக்கிறதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் பயத்தை முழுவதும் மனத்தின் குறையாக எண்ணிவிடவும் கூடாது, அதில் பாதி சரியான தகவல். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. இஞ்சினை இறக்கிப் பிரிக்கும் பெரிய வேலைகள் எல்லாம் அந்த நாட்களில்தான் வந்து குவிகின்றன. ஓனர்களின் கையில் பணம் வராத நாட்களும் அவையே. ஆக உங்கள் பாக்கி தேங்குவதற்கு உங்கள் வாய் மட்டும் காரணமில்லை, பருவமும் காரணம். உதிரிபாகங்களுக்கு உங்கள் பணத்தைப் போட்டுவிட்டு, படகு கடலுக்குப் போய் மீன் பட்டு ஏலம் முடியும்வரை காத்திருக்கும் பட்டறைக்கு எத்தனை தைரியசாலி முதலாளியாக இருந்தாலும் மூச்சு முட்டும். உதிரிபாகச் செலவு முழுவதும் முன்பணமாக வந்த பிறகே இஞ்சினைத் திறப்பது, கூலியை மட்டும் தடைக்காலத்துக்குப் பின் தேதி குறித்து வாங்குவது என்ற விதி இருந்தால், ஒவ்வொரு முறையும் நீங்கள் வாய் திறந்து கேட்கவேண்டிய சங்கடம் குறையும்.

8 லட்சத்தையும் லேத்தையும் நான் ஆதரிக்கவில்லை. 1988-இல் அமெரிக்காவில் புதிதாகத் தொழில் தொடங்கிய 2,994 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று வெளியானது. தங்கள் தொழில் வெல்ல பத்துக்கு ஏழு பங்கோ அதற்கு மேலோ வாய்ப்பு உண்டு என்று அவர்களில் 81 சதவீதம் பேர் சொன்னார்கள், பத்துக்குப் பத்து என்றவர்கள் மட்டும் 33 சதவீதம். புதுத் தொழில்களில் பல சில ஆண்டுகளுக்குள் மூடப்படுகின்றன என்பதை வைத்துப் பார்த்தால், நம்பிக்கைப் பஞ்சம் தொழில் தொடங்குகிறவர்களின் பொது நோயாகத் தெரியவில்லை. கடன் கிடைப்பதில் தடை இல்லாமல் இருக்கலாம். முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று பிணையில்லாக் கடன் உண்டு. ஆனால் லேத் வேலையைத் தேவைப்படும்போது வெளியே கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அதை வாங்கிப் போட்டுவிட்டால், தவணைக்காக வருகிற வேலையையெல்லாம் ஒப்புக்கொண்டு, பாக்கி கேட்கத் தெரியாத உங்கள் பழக்கத்தை எட்டு லட்சம் ரூபாய் அளவில் பெரிதாக்கிக்கொள்வீர்கள்.

டேவிட் மெக்கிளெலண்ட் என்ற உளவியலாளர் வளையம் எறியும் விளையாட்டை வைத்துக் கண்டதை இங்கே சொல்ல வேண்டும். தீவுத்திடல் பொருட்காட்சியில் நாம் எல்லோரும் எறிந்திருக்கிறோம். எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டால், சாதிக்கும் உந்துதல் மிகுந்தவர்கள் குச்சியின் பக்கத்திலும் நிற்பதில்லை, எட்டாத தூரத்துக்கும் போவதில்லை. முயன்றால் விழும், முயலாவிட்டால் விழாது என்கிற நடுத் தூரத்தில் நிற்கிறார்கள். அறுபதுகளில் அவர் நம் நாட்டிலேயே, நம்மைப் போல வங்கக் கடலோரத்தில் உள்ள காக்கிநாடாவின் சிறு வியாபாரிகளுக்கு இந்த வகைப் பயிற்சி கொடுத்தார். பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடப் புதிய முயற்சிகளில் கூடுதலாக இறங்கினார்கள். ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறு தொழில் செய்வோரை வைத்து நடந்து, 2017-இல் வெளியான ஆய்விலும், தானாக முன்வந்து செய்யும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. கணக்கு, சந்தை என்று வழக்கமான வணிகப் பாடம் கற்றவர்களுக்கு 11 சதவீதம்தான், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத உயர்வு. பிறவிக் குணமா என்று கேட்டீர்கள். சுபாவத்தில் ஒரு பகுதி பிறவியோடு வருவதாக இருக்கலாம். இந்த நடத்தை கற்றுக்கொள்ளக் கூடியதாகத்தான் தெரிகிறது.

உங்கள் நடுத் தூரம் இப்போதைக்கு வேலையை விடுவது அல்ல. அடுத்த தடைக்காலத்தில், உங்கள் முதலாளிக்குத் தெரிவித்துவிட்டு, அவருடைய வாடிக்கையாளர் அல்லாத இரண்டே படகுகளின் இஞ்சினை உங்கள் பெயரில் எடுங்கள். அவர் மறுத்தால் அதுவும் ஒரு தகவல். அந்த இரண்டுக்கும் மேலே சொன்ன முன்பண விதியை மீறாதீர்கள், ஓனர் மாமன் மச்சானாகவே இருந்தாலும். முதல்முறை தொகையைச் சொல்லும்போது உள்ளங்கை வியர்க்கும். புது இஞ்சினை முதன்முதலாகப் பிரித்தபோதும் வியர்த்திருக்கும், அன்று அதைத் தகுதியின்மை என்று நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. தொகையைச் சொன்னதும் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். இணங்கிப்போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, எதிராளி வாய் திறப்பதற்கு முன் தாங்களே விலையைக் குறைத்துச் சொல்லிவிடுவது.

அந்த நலம் விசாரித்துவிட்டு வந்த பாக்கி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வாரமே அதை வாங்கப் பாருங்கள். தேவையானால் மனைவியை உடன் அழைத்துக்கொண்டு போங்கள். ஜூன் 15-க்குப் பிறகு, இரண்டு இஞ்சின்களிலும் எவ்வளவு நின்றது, யார் தேதி தவறினார்கள் என்ற கணக்கோடு எழுதுங்கள். லேத்தைப் பற்றி அப்போது பேசலாம்.