ஒரு சர்வர், பல கன்டெய்னர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஒரே சர்வரில் மூன்று செயலிகளைத் தனித்தனி டாக்கர் கன்டெய்னர்களில் (ஒவ்வொரு செயலியையும் தனியே அடைத்து இயக்கும் பெட்டிகள்) இயக்குகிறேன். மூன்றுக்கும் தனித்தனி டொமைன் உண்டு. போர்ட் எண் இல்லாமல் மூன்றையும் திறக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஓர் ஐ.பி. முகவரியின் 443ஆம் போர்ட்டைப் பொதுவாக ஒரு நிரல்தான் பிடித்துக்கொள்ள முடியும் என்பதால், 80 (எச்டிடிபி), 443 (எச்டிடிபிஎஸ்) இரண்டையும், வரும் கோரிக்கைகளை வாங்கிப் பின்னாலுள்ள செயலிகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸியிடம் ஒப்படைத்துவிடுங்கள். உலாவி எந்த டொமைனைக் கேட்டு வந்திருக்கிறது என்பதை, கோரிக்கையோடு டொமைன் பெயரைத் தாங்கிவரும் ஹோஸ்ட் ஹெடரைப் படித்து அறிந்துகொண்டு, அது உரிய கன்டெய்னருக்குக் கோரிக்கையை அனுப்பிவைக்கும். என்ஜின்எக்ஸ், கேடி, டிரஃபிக், எச்ஏபிராக்ஸி ஆகிய எதுவும் இந்த வேலையைச் செய்யும். மூன்றே செயலிகள் என்றால் நான் கேடியைப் பரிந்துரைப்பேன். எச்டிடிபிஎஸுக்குத் தேவையான டிஎல்எஸ் சான்றிதழைத் தானே பெற்றுத் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

கேள்வி: என்ஜின்எக்ஸையும் ஒரு கன்டெய்னரில் வைத்து, லோக்கல்ஹோஸ்ட் 3000 என்று முகவரி கொடுத்தேன். 502 பிழையே (பின்னாலுள்ள செயலியிடமிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை) வருகிறது.

பதில்: எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். ஆகவே உங்கள் என்ஜின்எக்ஸ் செயலியைத் தன்னிடத்திலேயே தேடிக்கொண்டிருக்கிறது. நீங்களே உருவாக்கிய ஒரு டாக்கர் நெட்வொர்க்கில் இரண்டையும் சேர்த்து, முகவரியில் கன்டெய்னரின் பெயரை எழுதுங்கள். அந்தப் பெயரை ஐ.பி.யாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர் 127.0.0.11 என்ற முகவரியில் டாக்கருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் டாக்கர் இயல்பாகத் தரும் பிரிட்ஜ் நெட்வொர்க்கில் இந்தப் பெயர் வசதி கிடையாது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

அடுத்து, 8080:3000 (வெளியே 8080, கன்டெய்னருக்குள் 3000) என்று போர்ட்டை வெளியிட்டிருந்தாலும் பிராக்ஸிக்குத் தர வேண்டியது உள்ளே இருக்கும் 3000தான். அதன் பிறகும் 502 வந்தால், செயலி 127.0.0.1இல் (அதாவது தன் கன்டெய்னருக்குள்) மட்டும் காது கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள், அப்படியானால் 0.0.0.0 (எல்லா முகவரிகளும்) என்று மாற்ற வேண்டும். பிழைப்பதிவை வாசிக்கும் பழக்கம் இங்கே பெரிதும் உதவும். 'ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்' என்று இருந்தால் கோளாறு பெயரிலோ நெட்வொர்க்கிலோ இருக்கிறது. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று இருந்தால் பெரும்பாலும் பெயர் சரியாகிவிட்டது, போர்ட்டோ செயலி கேட்கும் முகவரியோதான் தவறு.

கேள்வி: செயலியின் புதிய பதிப்பை ஏற்றும்போதெல்லாம் என்ஜின்எக்ஸை ரீலோடு செய்தால்தான் தளம் வருகிறது. ஏன்?

பதில்: அமைப்புக் கோப்பில் நேரடியாக எழுதிய பெயரை, என்ஜின்எக்ஸ் தொடங்கும்போது ஒருமுறை ஐ.பி.யாக மாற்றிக்கொண்டு அதையே வைத்திருக்கும். புதிதாக எழும் கன்டெய்னருக்கு வேறு ஐ.பி. கிடைத்துவிட்டால், கோரிக்கைகள் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். ரிசால்வராக (பெயரை ஐ.பி.யாக மாற்றித் தரும் சர்வராக) 127.0.0.11ஐக் குறிப்பிட்டு, கன்டெய்னர் பெயரை ஒரு மாறியில் வைத்துப் பயன்படுத்தினால், பெயரை அவ்வப்போது மீண்டும் விசாரிக்கும். என்ஜின்எக்ஸ் 1.27.3 பதிப்பு முதல், பின்னாலுள்ள சர்வர்களைப் பட்டியலிடும் அப்ஸ்ட்ரீம் பகுதியிலேயே இதற்கான வசதி இலவசப் பதிப்பிலும் வந்துவிட்டது. டிரஃபிக்கில் இந்தத் தொல்லை இல்லை. கன்டெய்னர்கள் எழுவதையும் நிற்பதையும் டாக்கரிடமிருந்தே அறிந்துகொள்கிறது. அதற்காக டாக்கர் சாக்கெட்டை (டாக்கருக்குக் கட்டளையிடும் வழி) அதனிடம் கொடுப்பது ஏறக்குறைய சர்வரின் முழு நிர்வாக உரிமையான ரூட் உரிமையையே கொடுப்பதாகும் என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் டேட்டாபேஸின் 5432 போர்ட்டை மூடியும், டேட்டாபேஸ் கன்டெய்னரை வெளியிலிருந்து அணுக முடிகிறது.

பதில்: தயவுசெய்து இதை இன்றே சரிசெய்யுங்கள். டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் பாக்கெட் வடிகட்டி) விதிகளைத் தானே எழுதிக்கொள்வதால், வெளியிட்ட போர்ட்டுக்கு வரும் பாக்கெட்டுகள் யூஎஃப்டபிள்யூ பார்க்கும் இடத்துக்கு வருமுன்பே கன்டெய்னர் பக்கம் திருப்பப்படுகின்றன. டேட்டாபேஸுக்குப் போர்ட் வெளியீடே தேவையில்லை. ஒரே நெட்வொர்க்கில் உள்ள செயலி பெயரைச் சொல்லியே அதை அடைந்துவிடும். சர்வரிலிருந்து நீங்கள் பார்க்க வேண்டுமானால் 127.0.0.1:5432:5432 என்று கட்டிப்போடுங்கள். வெளியுலகுக்குத் திறந்திருக்க வேண்டியது பிராக்ஸியின் போர்ட்கள் மட்டுமே.

கேள்வி: எச்டிடிபிஎஸ் போட்டதும் தளம் முடிவில்லாமல் ரீடைரக்ட் ஆகிறது.

பதில்: குறியாக்கம் பிராக்ஸியோடு முடிந்து, செயலிக்கு வெறும் எச்டிடிபி வருகிறது, அதைக் கண்ட செயலி மறுபடியும் எச்டிடிபிஎஸுக்குத் திருப்புகிறது. உலாவி எச்டிடிபிஎஸில்தான் வந்தது என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடரைப் பிராக்ஸியில் அனுப்பச் செய்து, பிராக்ஸியிடமிருந்து வந்தால் மட்டும் அதை நம்பும்படி செயலியில் அமையுங்கள்.

கேள்வி: பெரிய படங்களை ஏற்றினால் 413 பிழை (அனுப்பியது அளவில் மிகப் பெரிது) வருகிறது.

பதில்: என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பி வரை மட்டுமே ஏற்கும். கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ் மதிப்பை, அந்தச் செயலிக்குரிய சர்வர் பகுதியில் மட்டும், தேவையான அளவுக்கு உயர்த்துங்கள்.