கொரோனா காலத்தில் மேனேஜர் சொன்னது சரியா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் பொறுப்பில் 28 பெண்கள் வேலை செய்கிறார்கள். 2020 ஊரடங்கில் எங்கள் யாருக்கும் சம்பளம் தரவில்லை. கம்பெனி திறந்த பிறகு தினமும் ஒன்றரை ஷிப்ட். கூடுதல் நேரத்துக்கு ஒற்றைச் சம்பளம்தான். கேட்டதற்கு, "இது எமர்ஜென்சி, இப்போது லேபர் சட்டம் எதுவும் செல்லாது" என்றார் மேனேஜர். சமீபத்தில் இரண்டு பெண்களுக்கு டெங்கு வந்தபோதும் அதே பேச்சு. வேலை போய்விடுமோ என்று பயந்து மற்றவர்கள் காய்ச்சலோடு வருகிறார்கள். அவர் சொன்னது உண்மையா? அந்தப் பழைய சம்பளம் இனிக் கிடைக்குமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அவர் சொன்னது தவறு. இதைத் தயங்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இதே வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருக்கிறது.

2020 ஏப்ரல் 17 அன்று குஜராத் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தொழிற்சாலைகள் நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டாம், வழக்கமான கூலிக் கணக்கே போதும் என்றது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 5ஆம் பிரிவு, 'பொது நெருக்கடி' வந்தால் விலக்கு அளிக்கலாம் என்கிறது. அரசு அந்தப் பிரிவைத்தான் பிடித்துக்கொண்டது. குஜராத் மஸ்தூர் சபா என்ற தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வந்தது. போர், அந்நிய ஆக்கிரமிப்பு, உள்நாட்டுக் கலவரம் இவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து வந்தால்தான் அந்தப் பிரிவு சொல்லும் பொது நெருக்கடி. கொரோனாவும் அதனால் வந்த பொருளாதார முடக்கமும் அதில் சேராது என்றார்கள் நீதிபதிகள். அறிவிக்கை ரத்தானது. அந்த மாதங்களில் உழைத்தவர்களுக்குச் சட்டப்படியான ஓவர்டைம் பணத்தைக் கொடுக்கவும் உத்தரவானது.

ஒரு மாநில அரசு முறைப்படி வெளியிட்ட ஆணையே நிற்கவில்லை. மேனேஜரின் வாய்வார்த்தை எப்படி நிற்கும்?

சரி, உங்கள் ஊரடங்குச் சம்பளத்துக்கு வருகிறேன். 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ், ஊரடங்கால் மூடியிருக்கும் நிறுவனங்களும் பிடித்தம் இல்லாமல் உரிய தேதியில் சம்பளம் தர வேண்டும் என்று ஆணையிட்டது. மே 18 முதல் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. இடைப்பட்டது 50 நாட்கள். நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டபோது, ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது: முதலாளிகள்மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் அந்த 50 நாள் சம்பளம் பற்றிப் பேசித் தீர்க்கட்டும், முடியாவிட்டால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் போகட்டும். பல கம்பெனிகளில் இதை "கோர்ட்டே சம்பளம் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டது" என்று பரப்பினார்கள். அப்படி அந்த உத்தரவில் இல்லை. பேசித் தீர்க்க விரும்பும் நிறுவனங்கள் தொழிலாளர்களைக் கூப்பிட்டுப் பேசலாம் என்றுதான் இருக்கிறது.

ஆனால் இனிக் கிடைக்குமா என்றால், உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மனம் வரவில்லை. சம்பளப் பாக்கி கேட்டு மனுப் போட அன்றைய சட்டம் தந்த கெடு 12 மாதம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் அதிகாரி ஏற்கலாம் என்றாலும், இத்தனை ஆண்டு கழித்து அது மிகக் கடினம். இப்போது நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பில் கெடு 3 ஆண்டு. ஆகவே 2020 போனாலும், சமீபத்தில் செய்த ஒன்றரை ஷிப்டுக்கான பாக்கி போகவில்லை. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது பழைய சட்டத்திலும் உண்டு, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொகுப்பிலும் உண்டு. தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது என்று, அதே நாளில் அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், எப்போது வெளியே வந்தார்கள் என்று ஒவ்வொரு பெண்ணும் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். சம்பளச் சீட்டைக் கிழித்துப் போட வேண்டாம். நாளைக்கு அதிகாரி முன்னால் பேசப்போவது இந்தக் காகிதம்தான்.

காண்ட்ராக்டில் இருப்பவர்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். காண்ட்ராக்டர் சம்பளம் தராமல் கைவிரித்தால், அதைத் தரும் பொறுப்பு கம்பெனிக்கு வந்துவிடும்.

காய்ச்சலோடு வேலைக்கு வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. அவர்கள் கூலியில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25 சதவீதம் போடுகிறது. சந்தாக் கணக்குக்கு எடுக்கும் ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழோடு, கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பொதுவாக முதல் இரண்டு நாளுக்கு மட்டும் கிடைக்காது. அந்த உதவித்தொகை வாங்கும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்குவதைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே காய்ச்சல் கண்ட பெண் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வருவதைவிட, இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய்ச் சீட்டு வாங்குவதுதான் அவருடைய வேலைக்கும் பாதுகாப்பு.

கம்பெனியின் கடமை இதோடு முடியவில்லை. தொழிற்சாலையில் ஒருவருக்குத் தொற்றுநோய் இருப்பது தெரிந்தால் மேலாளர் சுகாதார அதிகாரிக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது நம் மாநிலத்தின் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது. மறைப்பதுதான் குற்றம். டெங்கு என்றால் மொட்டை மாடித் தொட்டி, மழைநீர் தேங்கும் டிரம், கழிவறைப் பக்கம் நிற்கும் தண்ணீர் இவற்றைச் சுத்தம் செய்வது நிர்வாகத்தின் வேலை. உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து என்று பட்டால் நிர்வாகத்திடமும் அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. சொன்னதும் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது. சம்பளம், ஓவர்டைம் பிரச்சினை என்றால் தொழிலாளர் துறை அலுவலகம்.

நோய் பரவி ஆர்டர் குறைந்து, கம்பெனி சில நாள் வேலை இல்லை என்று அனுப்பினால் அது லே-ஆஃப். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில், ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த நிரந்தரத் தொழிலாளிக்கு அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி தர வேண்டும்.

நீங்கள் சூப்பர்வைசர் என்பதால் தனியாகப் போய்ப் பேசினால் உங்களைத்தான் முதலில் குறிவைப்பார்கள். எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள். அதற்கு முன்னால், டெங்கு வந்த அந்த இரண்டு பெண்களும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டினார்களா என்று கேளுங்கள். காட்டியிருந்தால் அந்தச் சான்றிதழோடு இந்த வாரமே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். சந்தா நாள் கணக்குச் சரியாக இருந்தால் அந்த விடுப்புக்கான பணம் அவர்களுக்குச் சேர வேண்டியது.