முறுக்கு அவிழ்க்கும் நொதிகள்: கேள்வி பதில்

டோபோஐசோமரேஸ் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

பிளஸ் டூ மாணவி: ஹெலிகேஸ்தானே டிஎன்ஏவைப் பிரிக்கிறது, மேடம்? அப்புறம் இது எதற்கு?

இரண்டு புரி கயிறு ஒன்றை எடும்மா. ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டு, மறுமுனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள். இரு புரிகளுக்கும் நடுவே பென்சிலைச் செருகி ஜன்னல் பக்கமாகத் தள்ளு. பென்சிலுக்கு முன்னால் கயிறு இறுகிச் சுருண்டுகொள்ளும், பின்னால் தொளதொளவென்று ஆகும். ஹெலிகேஸ் அந்தப் பென்சில். சேர்ந்த இறுக்கத்தை எடுத்துவிடுவது டோபோஐசோமரேஸ்.

மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் பாலிமரேஸும் ஒரு பென்சில்தான். டிஎன்ஏவில் ஏறக்குறைய 10.5 காரஇணைக்கு, அதாவது ஏணியின் 10.5 படிகளுக்கு, ஒரு சுற்று. ஆயிரம் இணை படித்தால் நூறு சுற்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும். முன்னால் இறுக்கம், பின்னால் தளர்வு என்ற இந்தப் படத்தை லியு, வாங் என்ற இரு ஆய்வாளர்கள் 1987இல் முன்வைத்தார்கள்.

ஆய்வக உதவியாளர்: டிஎன்ஏவை வெட்டுகிறதே, உடைந்து போகாதா?

வெட்டிய முனையை நொதி விடுவதே இல்லை. அதன் டைரோசின் என்ற அமினோ அமிலம் ஒன்று அந்த முனையோடு வேதிப்பிணைப்பில் ஒட்டிக்கொள்ளும். முதல் வகை ஒரு இழையை மட்டும் வெட்டும். இரண்டாம் வகை இரண்டையும் வெட்டி, அந்த இடைவெளியில் இன்னொரு டிஎன்ஏவை நுழைத்து, திரும்ப ஒட்டும். இதற்குச் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி செலவாகும். டிஎன்ஏவை மின்சாரத்தால் ஜெல்லுக்குள் ஓடவிட்டு நீங்களே பாருங்கள். சுருண்ட பிளாஸ்மிட் (பாக்டீரியாவின் சிறு வட்ட டிஎன்ஏ) வேகமாகக் கீழே ஓடும். நொதியைச் சேர்த்துச் சற்று நேரத்தில் நிறுத்தினால், ஏணிப்படி போல வரிசையாகப் பட்டைகள் தெரியும். முதல் வகை என்றால் ஒவ்வொரு படியும் ஒரு சுற்று வித்தியாசம். முதல்முறை பார்த்தபோது நான் ஜெல்லைக் குப்பையில் போடவே மனசில்லாமல் வைத்திருந்தேன்.

பெயர் சொல்லாதவர்: நம் குரோமோசோமுக்கு முனைகள் இருக்கின்றனவே. முறுக்கு அந்த வழியாக வெளியேறிவிடாதா?

நல்ல கேள்வி. கயிறு அவ்வளவு நீளமாக இருந்தால் முனை இருந்தும் பயனில்லை. ஒரு செல்லில் மொத்தம் சுமார் 2 மீட்டர் டிஎன்ஏ, அதுவும் புரதங்களோடு பின்னிக் கண்ணி கண்ணியாகக் கட்டுண்டு கிடக்கிறது.

எம்எஸ்சி மாணவர்: மரபணு இயக்கத்துக்கும் குரோமாட்டினுக்கும் இதில் என்ன பங்கு?

எனக்குப் பிடித்த பகுதி இது. டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த கட்டுதான் குரோமாட்டின். அதன் அடிப்படை அலகான நியூக்ளியோசோமில் 147 இணை டிஎன்ஏ ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றி இடப்பக்கமாகச் சுருண்டிருக்கும். தளர்ந்த டிஎன்ஏவுக்கு இந்தச் சுருள் இயல்பாகப் பொருந்தும், இறுகிய டிஎன்ஏவுக்குப் பொருந்தாது. எனவே பாலிமரேஸுக்கு முன்னால் நியூக்ளியோசோம் குலையவும் பின்னால் மீண்டும் கட்டப்படவும் முறுக்கே கைகொடுக்கிறது. தொடக்கப் பகுதியில் தளர்வு இருந்தால் இழைகள் எளிதாகப் பிரிந்து படியெடுப்பு தொடங்கும். ஆக, முறுக்கை எங்கே, எப்போது, எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதே ஒரு கட்டுப்பாடு. வெறும் பராமரிப்பு வேலை என்று பாடப்புத்தகம் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். செல் பிரியும்போது குரோமோசோமைச் சுருக்கிக் கட்டுவதிலும் இரண்டாம் வகைக்குப் பங்கு உண்டு.

சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிடுபவர்: இந்த மாத்திரை நம் நொதியையும் பாதிக்குமா?

பாக்டீரியாவைக் கொல்லும் இந்த மருந்தின் முதன்மை இலக்கு கைரேஸ் என்ற பாக்டீரிய நொதி, அதுவும் இரண்டாம் வகைதான். டிஎன்ஏவில் எதிர்முறுக்கை, அதாவது தளர்வை, தானே ஏற்றும் அந்த வகை நம் செல்லில் இல்லை. நம் இரண்டாம் வகை நொதிகளை இந்த மருந்து மிகக் குறைவாகவே தொடும். டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள்.

ஏஞ்சல்மேன் குறைபாடுள்ள குழந்தையின் அப்பா: டோபோடெக்கான் உதவும் என்று படித்தேன். உண்மையா, மேடம்?

பாதி உண்மை, ஐயா. இந்த நரம்பு வளர்ச்சிக் குறைபாட்டில் யூபிஇ3ஏ மரபணுவின் அம்மா வழிப் பிரதி வேலை செய்யாது. நரம்பு செல்களில் அதன் அப்பா வழிப் பிரதியோ தூங்கிக் கிடக்கும். அதைத் தூங்க வைப்பது எதிர்த்திசையில் ஓடும் மிக நீளமான ஒரு ஆர்என்ஏ. 2011 இறுதியில் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புற்றுநோய் மருந்தான டோபோடெக்கான் எலியின் நரம்பு செல்களில் அந்தப் பிரதியை எழுப்புவதைக் காட்டினார்கள். இந்த மருந்து முதல் வகை நொதியை முடக்கும். அது முடங்கினால் நீளமான படியெடுப்பு பாதியில் நிற்கும், அதனால்தான். ஆனால் 2013இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு, நரம்பு செல்லின் மற்ற நீளமான மரபணுக்களும் இப்படியே அடங்கிப்போவதைக் காட்டியது. அவற்றில் ஆட்டிசத்தோடு தொடர்புடையவையும் உண்டு. குழந்தைக்கு இதைத் தேடிப் போக வேண்டாம். அந்த நீள ஆர்என்ஏவை மட்டும் குறிவைக்கும் மருந்துகளைச் சோதிக்கிறார்கள், உங்கள் நரம்பியல் டாக்டரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.