பென்டிரைவ் ஓடுகிறது, எஸ்எஸ்டி மட்டும் தெரியவில்லையா?

வணக்கம் நண்பரே. லினக்ஸ் மின்ட் இயங்குதளம் பென்டிரைவிலிருந்து நன்றாக ஓடுகிறது, வைஃபை கூடக் கிடைக்கிறது, ஆனால் இன்ஸ்டால் செய்யப் போனால் 512 ஜிபி எஸ்எஸ்டி பட்டியலில் இல்லை என்கிறீர்கள். பென்டிரைவை மூன்று முறை திரும்ப எழுதியது வீண் வேலை. லைவாக, அதாவது இன்ஸ்டால் செய்யாமலே, இவ்வளவு தூரம் ஓடுகிற பென்டிரைவ் மேல் எனக்குச் சந்தேகமில்லை.

இன்டெல் லேப்டாப் என்பதால் பயாஸை, அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரையைப் பாருங்கள். டிஸ்க்கை லேப்டாப் கையாளும் முறையான டிஸ்க் மோடு ‘ரெய்டு’ (RAID) அல்லது ‘ஆர்எஸ்டி’ (RST) என்றிருந்தால் இன்ஸ்டாலர் கண்ணுக்கு எஸ்எஸ்டி படாமல் போகலாம். அதை ‘ஏஹெச்சிஐ’ (AHCI) என்ற மோடுக்கு மாற்ற வேண்டும்.

ஆனால் உடனே போய் மாற்றிவிடாதீர்கள்! விண்டோஸும் வேண்டும் என்றீர்களே, நேராக மாற்றினால் அது நீலத்திரை காட்டி நின்றுவிடும். நான் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். முதலில் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பிறகு விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, பூட் பகுதியில் ‘சேஃப் பூட்’ டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். வழியிலேயே பயாஸுக்குள் நுழைந்து மோடை மாற்றிச் சேமியுங்கள். சேஃப் மோடில் ஏறும்போது விண்டோஸ் தேவையான டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். அங்கே பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம், பாஸ்வேர்டு நினைவிருக்கட்டும். உள்ளே போனதும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

அடுத்து பென்டிரைவில் ஏறி, டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே (lsblk) என்ற, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் கட்டளையை அடித்துப் பாருங்கள். ‘என்விஎம்இ’ (nvme) என்று தொடங்கும் வரி, அதாவது உங்கள் எஸ்எஸ்டி, வந்தால் இன்ஸ்டால் செய்யலாம். வராவிட்டால் லேப்டாப் மாடலைச் சொல்லுங்கள், பார்க்கலாம்.