மாங்குளத்தில் அரை நாள்: ஆற்றுக் குளிப்பும் சாப்பாடும்

ஓகஸ்ட்டில் வட இலங்கையின் வன்னியில் இருக்கும் மாங்குளத்துக்கு வந்து கனகராயன் ஆற்றில் குளிக்கும் யோசனையை விடுங்கள். அது மாரி மழையை நம்பிய ஆறு. அந்த நேரம் பெரும்பாலும் மணல்தான். பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

மதியச் சாப்பாட்டை மாங்குளம் சந்தியிலேயே முடியுங்கள். சோறு கறிக்கு நேரத்தோடு போங்கள், பிந்தினால் ரொட்டியும் வடையும்தான்.

தண்ணீர் பார்க்கத்தானே ஆசை? அந்த ஆறு போய் விழும் இரணைமடுக் குளத்துக்குப் போங்கள். கிளிநொச்சி பஸ்ஸில் ஏறி முறிகண்டியில் இறங்கி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சுடச்சுட வறுத்த கச்சான் (நிலக்கடலை) ஒரு பை வாங்குங்கள். (வாங்காமல் வந்தால் வீட்டில் ஏச்சு விழும்.) அப்புறம் ஓட்டோ பிடித்து அணைக்கட்டுக்கு. பின்னேரம்தான் நல்லது.

குளத்தில் மட்டும் இறங்க வேண்டாம், வன்னிக் குளங்களில் முதலை உண்டு.